நிருபர் இல்லாத நகரசபை

கனடிய அரசியலைப் பற்றி நம்மவர் மத்தியில் நடைபெறும் உரையாடல்கள் பெரும்பாலும் ஒட்டாவாவில் தொடங்கி ஒட்டாவாவிலேயே முடிந்துவிடுகின்றன. எந்தக் கட்சி ஆட்சிக்கு வரும், குடிவரவுக் கொள்கை எவ்வாறு மாறும், தாயகம் தொடர்பாக எந்த நாடாளுமன்ற உறுப்பினர் என்ன பேசினார் என்பவையே நமது அக்கறைகள். இவை முக்கியமற்றவை என்று சொல்லமாட்டேன். ஆயினும், காலையில் குழாயைத் திறந்ததும் வருகின்ற நீர், இரவு பெய்த பனியை விடியுமுன் வீதியிலிருந்து அகற்றுகின்ற வண்டி, பிள்ளைகள் செல்லும் நூலகம், தீப்பிடித்தால் ஓடிவரும் தொண்டர் தீயணைப்புப் படை ஆகியவை ஒட்டாவாவின் கையில் இல்லை. நம்மில் அநேகர் பெயர்கூட அறியாத ஏழெட்டுப் பேர், மாதத்தில் ஓரிரு தடவை ஒரு மண்டபத்தில் கூடி இவற்றைத் தீர்மானிக்கின்றனர். ஊரில் நாம் சோலைவரி என்று சொல்லிப் பழகிய ஆதனவரியை நிர்ணயிப்பவர்களும் அவர்களே.

ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் 444 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ரொறன்ரோ, ஒட்டாவா போன்ற பெருநகரங்களை விட்டுப் பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்களும் கிராமப்புறங்களுமே. சில இடங்களில் சபையின் தலைவரை மேயர் என்பர். வேறு சில இடங்களில் பழைய ஆங்கிலேய வழக்கின்படி 'ரீவ்' என்று அழைப்பர். பல ஊர்கள் சேர்ந்த கவுண்டி என்ற மேலடுக்குச் சபைக்கு 'வார்டன்' தலைவர். பெரும்பாலான உறுப்பினர்களுக்கு இது பகுதிநேரப் பணி. பகலில் பண்ணையிலும் பாடசாலையிலும் கடையிலும் வேலை செய்துவிட்டு மாலையில் சபைக்கு வருகின்றனர். வன்கூவரிலும் மொன்றியலிலும் நகரசபைக்கென்றே கட்சிகள் உண்டு. ஒன்ராறியோவின் வாக்குச்சீட்டிலோ கட்சிப் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. ஆளைப் பார்த்தே வாக்கு.

கொழும்பில் தமிழ் நாளிதழொன்றில் நிருபராகத் தொடங்கிப் பல ஆண்டுகள் செய்தி மேசையில் கழித்த எனக்கு, இந்த நாட்டில் குடியேறியபின் முதலில் வியப்பளித்தது இந்த அமைதியே. யாழ்ப்பாணத்தின் மேயராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975 யூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின் 1998 சனவரியில் யாழ். மாநகரசபைக்குத் தேர்தல் நடந்தது. மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதத்தில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலன் செப்ரெம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். மேயர் பதவி உயிரைக் கேட்கும் பதவியாக இருந்த காலத்தின் செய்திகளைத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவர்கள் நாம். போர் முடிந்த பின்னரும், 2023 மார்ச் 9 ஆம் திகதி நடைபெறவிருந்த இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல் பிற்போடப்பட்டு 2025 மே 6 ஆம் திகதியே நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் மன்றங்கள் இயங்கின.

ஒன்ராறியோவில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஒக்ரோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை தேர்தல் என்பது சட்டம். அரசாங்கத்தின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. 2022 இல் அது ஒக்ரோபர் 24; 2026 இல் ஒக்ரோபர் 26. வீட்டிலிருந்தபடியே தொலைபேசியிலும் இணையத்திலும் வாக்களிக்கும் வசதியைப் பல சிற்றூர்கள் ஏற்படுத்தியுள்ளன. ஓர் ஊரில் வசிக்காவிட்டாலும் அங்கே சொத்து வைத்திருக்கும் அல்லது வாடகைக்கு எடுத்திருக்கும் கனடியப் பிரசைக்குக்கூட அந்த ஊரில் வாக்குரிமை உண்டு. ஏரிக்கரையில் கோடை வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு ஊர்களில் வாக்களிப்பது இதனாலேயே.

இத்தனை இருந்தும் நடந்தது என்ன? 2022 தேர்தலில் மாகாணம் முழுவதும் வாக்களித்தோர் ஏறத்தாழ 36 சதவீதத்தினரே. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சபை ஆசனங்கள் போட்டியின்றி நிரப்பப்பட்டன. சபைத் தலைவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வாக்குத்தானும் பெறாமல் பதவிக்கு வந்தனர். எதிர்த்து நிற்க எவரும் முன்வரவில்லை. சில ஊர்களில் சபை முழுவதுமே போட்டியின்றித் தெரிவாயிற்று. அங்கு தேர்தல் நாள் சாதாரண திங்கட்கிழமையாகக் கழிந்தது. ஆயுதத்துக்கு அஞ்சி வேட்பாளர் ஒதுங்கிய நாட்டிலிருந்து வந்த எனக்கு, அச்சம் எதுவுமின்றியே வேட்பாளர் இல்லாமற்போகும் நாடு விளங்குவதற்கு நாளெடுத்தது.

மக்கள் திருப்தியாக இருக்கின்றார்கள், ஆகவே அக்கறை காட்டவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நான் அதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். சபை உறுப்பினர் உங்கள் பிள்ளைக்கு ஹொக்கி பழக்கியவராக இருப்பார். நீர்வழங்கல் முகாமையாளர் தேவாலயத்தில் உங்களுக்கு அடுத்த வாங்கில் அமர்பவராக இருப்பார். அறிமுகம் நம்பிக்கையை வளர்க்கும். அதே அறிமுகம் கேள்வி கேட்பதற்குக் கூச்சத்தையும் வளர்க்கும். 'நல்ல மனிதர், கவனித்துக்கொள்வார்' என்ற எண்ணத்தில் ஓர் ஊர் எவ்வளவு பெரிய விலையைக் கொடுக்கலாம் என்பதற்கு ஒன்ராறியோவிலேயே ஓர் உதாரணம் உண்டு.

வோக்கர்டன் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிற்றூர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில், அருகிலிருந்த பண்ணையின் மாட்டெருவிலிருந்த ஈ. கோலை பற்றீரியா ஊருக்கு நீர் வழங்கும் ஆழமற்ற கிணறொன்றில் கலந்தது. குளோரின் உரிய அளவில் இடப்படவில்லை. ஏழு பேர் உயிரிழந்தனர். 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். அவர்களுள் குழந்தைகள் பலர். நீதியரசர் டெனிஸ் ஓ'கொனர் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2002 இல் வெளியிட்ட அறிக்கை, ஊராட்சி பற்றி எழுத விரும்பும் ஒவ்வொரு பத்திரிகையாளனும் படிக்கவேண்டிய ஆவணம் என்பேன். குளோரின் அளவுகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் பதியப்பட்டு வந்தமையை அது வெளிக்கொணர்ந்தது. மாசு இருப்பதைக் காட்டிய ஆய்வுகூட முடிவு கையில் கிடைத்த பின்னரும் முகாமையாளர் அதனைச் சுகாதார அதிகாரிகளிடம் மறைத்தார். மாகாண அரசின் செலவுக் குறைப்பையும் ஆணைக்குழு விட்டுவைக்கவில்லை. அரசாங்க ஆய்வுகூடங்கள் 1996 இல் இப்பணியிலிருந்து விலக்கப்பட்டபோது, தனியார் ஆய்வுகூடங்கள் ஆபத்தான முடிவுகளை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் செய்யப்படவில்லை.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு விடயம். அனர்த்தத்துக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1998 மே மாதத்தில், சுற்றாடல் அமைச்சின் பரிசோதனை அறிக்கையொன்று அந்த ஊரின் பொதுச் சேவைகள் ஆணைக்குழு உறுப்பினர்களிடம் வந்திருந்தது. நீரில் ஈ. கோலை காணப்பட்டதை அந்த அறிக்கை சொல்லியிருந்தது. அவர்கள் முகாமையாளரைக் கேட்டனர், கவனித்துக்கொள்வேன் என்றார், விடயம் அத்துடன் முடிந்தது. முகாமையாளரும் அவருடைய சகோதரரும் அந்த நீரைத் தாமும் குடித்தவர்களே. ஊரைக் கெடுக்கும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. அறிக்கை வந்தது, கேள்வி கேட்கப்படவில்லை. இவ்வளவுதான்.

நான் நிருபராகச் சேர்ந்த காலத்தில் எமது செய்தி ஆசிரியர் மாநகரசபைக்கு அனுப்பும்போது ஒரு பாடம் சொல்வார். "சத்தம் போட்டவர்கள் பேசியதை எல்லாப் பத்திரிகையும் எழுதும். பேச்சில்லாமல் எது நிறைவேறியது என்று பார்த்துக்கொண்டு வாரும்" என்பார். ஒன்ராறியோவின் பல சபைகளில், விவாதம் தேவையில்லை என்று கருதப்படும் அறிக்கைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றும் வழக்கம் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்தக் கட்டை நிகழ்ச்சிநிரலில் காணும்போதெல்லாம் எமது செய்தி ஆசிரியரையும் வோக்கர்டனையும் ஒருசேர நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கட்டை அவிழ்த்துப் படிக்கும் வேலை ஒருகாலத்தில் உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபருடையதாக இருந்தது. சிற்றூர்ப் பத்திரிகை என்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு நிருபர், விளம்பரம் சேகரிக்கும் ஒருவர் என்ற அளவில் இயங்கிய நிறுவனம். மரண அறிவித்தல், பாடசாலை விளையாட்டுப் போட்டி, தேவாலய விருந்து ஆகியவற்றுக்கு நடுவில் நகரசபைச் செய்தியும் வரும். மக்கள் மரண அறிவித்தலுக்காகப் பத்திரிகையை வாங்குவர். போகிற போக்கில் நீர்க்கட்டணம் உயரப்போவதையும் படித்துவிடுவர்.

அந்தப் பத்திரிகைகள் எவ்வாறு மறைந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளம்பரம் இணையத்துக்குப் போயிற்று. 2017 நவம்பரில் போஸ்ற்மீடியா, ரோர்ஸ்ரார் என்ற இரண்டு பெரும் நிறுவனங்கள் தம்மிடையே 41 பத்திரிகைகளைக் கைமாற்றிக்கொண்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றை மூடின. மூடப்பட்டவற்றுள் அநேகமானவை ஒன்ராறியோவின் சமூகப் பத்திரிகைகள். 2023 ஓகஸ்டில், இணையச் செய்திச் சட்டம் தொடர்பான முரண்பாட்டினால் மெற்றா நிறுவனம் கனடியச் செய்திகளை முகநூலில் தடுத்தது. அடுத்த மாதமே மெற்ரோலாண்ட் நிறுவனம் தனது 71 வாரப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை ஒரே நாளில் நிறுத்தியது. 605 பேர் வேலையிழந்தனர். நிலைமை எவ்வளவு தூரம் சென்றதென்றால், காணி அபிவிருத்தி தொடர்பான பொது அறிவித்தலைப் பத்திரிகையில் வெளியிடவேண்டும் என்ற விதியை மாகாண அரசு 2024 இல் தளர்த்தவேண்டியதாயிற்று. அச்சுப் பத்திரிகை இல்லாத ஊரில் நகரசபை தனது இணையத்தளத்திலேயே அறிவித்துக்கொள்ளலாம்.

நான் வசிக்கும் சிற்றூரின் சபை அமர்வுகளுக்கு அவ்வப்போது சென்றுவருவதுண்டு. பார்வையாளர் பகுதியில் நாலைந்து பேர் இருப்பர். ஒருமுறை பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர், "உங்களுடைய விண்ணப்பம் எத்தனையாவது விடயம்?" என்று விசாரித்தார். எனக்கு விண்ணப்பம் எதுவும் இல்லை, கேட்கவே வந்தேன் என்றபோது அவர் நம்பவில்லை. தத்தம் வீட்டு வேலிக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் அனுமதி கேட்பவர்களைத் தவிர வேறெவரும் அங்கு வருவதில்லை. பழக்கதோஷத்தினால் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். இடைவேளையில் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, எந்தப் பத்திரிகை என்று கேட்டார். எந்தப் பத்திரிகையும் இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியன்று, ஏமாற்றம். "யாராவது எழுதினால் நல்லது. நாங்கள் என்ன செய்கின்றோம் என்பது இப்போது ஒருவருக்கும் தெரியாது. முகநூலில் வருகின்ற வதந்தி மட்டுமே எல்லோருக்கும் தெரியும்" என்றார். நிருபரைக் கண்டால் முகம் சுளிக்கும் உறுப்பினர்களையே கண்டு பழகிய எனக்கு, நிருபர் இல்லையே என்று வருந்தும் அரசியல்வாதி புதியவராக இருந்தார்.

பத்திரிகை இருந்த காலத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. வோக்கர்டனில் 2000 இல் உள்ளூர் வாரப் பத்திரிகை இருக்கவே செய்தது. 1998 அறிக்கை அப்போதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் ஊரில் இருந்தபோதே இவ்வாறு நடக்குமாயின், அவரும் இல்லாத ஊரில் எது நடக்கும், நடந்தது எப்போது வெளியில் வரும் என்பதே எனது கவலை.

இந்தக் கவலையைக் கூட்டுகின்ற மாற்றமொன்றும் இதே காலத்தில் நிகழ்ந்துள்ளது. ஒன்ராறியோ அரசாங்கம் 2022 இல் ரொறன்ரோ, ஒட்டாவா மேயர்களுக்கு விசேட அதிகாரங்களை வழங்கியது. வீடமைப்பைத் துரிதப்படுத்துவதே காரணம் என்றது. பின்னர் ஏனைய நகரங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டு, 2025 மே 1 ஆம் திகதி முதல் மேலும் 169 சபைகளுக்கு வழங்கப்பட்டது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சிற்றூர்ச் சபைகளும் இவற்றுள் அடங்கும். தலைமை நிர்வாக அதிகாரியை நியமிக்கவும் நீக்கவும், வரவுசெலவுத் திட்டத்தைத் தாமே முன்வைக்கவும், மாகாண அரசின் முன்னுரிமைகளுக்குக் குறுக்கே நிற்கும் உபவிதியை இரத்துச்செய்யவும் மேயருக்கு அதிகாரம் உண்டு. அந்த முன்னுரிமைகள் தொடர்பான உபவிதியை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆதரவுடன் நிறைவேற்றிவிடலாம். ஏழு பேர் கொண்ட சபையில் மேயரும் இன்னும் இருவரும் போதும். எதிர்க்கும் நால்வர் தோற்றவராவர். பெரும்பான்மையே தீர்மானிக்கும் என்பதுதான் சனநாயகத்தின் முதற்பாடம் என்று நாம் படித்தோம். தமக்கு இந்த அதிகாரம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றிய சபைகளும் உண்டு என்பதை அவர்களின் பெருமைக்காகச் சொல்லவேண்டும்.

ஆக, போட்டியின்றிப் பதவிக்கு வரும் ஒருவரிடம் பெரும்பான்மையை மீறும் அதிகாரம் இருக்கலாம். அவர் அதை எவ்வாறு பயன்படுத்துகின்றார் என்பதைப் பார்த்து எழுத ஒருவரும் இல்லாமலிருக்கலாம். இந்த மூன்றும் தனித்தனியே வந்தால் ஓர் ஊர் தாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒன்றாகச் சேரும் ஊரைப் பற்றியே நான் பேசுகின்றேன்.

பரிகாரம் இல்லாமலில்லை. குவெல்ஃப் நகரின் பழம்பெரும் நாளிதழ் 2016 சனவரியில் மூடப்பட்டபோது, அங்கே உள்ளூர்ச் செய்தி இணையத்தளமொன்று தோன்றியது. அத்தகைய தளங்கள் வேறு பல ஊர்களிலும் இயங்குகின்றன. குடும்பச் சொத்தாகத் தொடரும் சில வாரப் பத்திரிகைகள் இன்றும் அச்சில் வருகின்றன. மத்திய அரசு 2019 இல் உள்ளூர் இதழியல் முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கி, நகரசபை, நீதிமன்றம் போன்றவற்றின் செய்திகளைச் சேகரிக்கும் நிருபர்களின் சம்பளத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது. 2024 இல் திட்டம் மேலும் மூன்றாண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது.

அரசாங்கப் பணத்தில் பத்திரிகையாளனா என்று என் போன்றவர்களுக்குத் தயக்கம் எழுவது இயல்பு. லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 இல் அரசின் பிடிக்குள் சென்றபின் அதன் பத்திரிகைகள் எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஆட்சியின் குரலாக மாறியதை நாம் பார்த்திருக்கின்றோம். இங்கே பணம் பத்திரிகைத் துறையின் அமைப்புகள் ஊடாகவே பங்கிடப்படுகின்றது. நியமனத்தில் அமைச்சருக்குப் பங்கில்லை. இந்த வேறுபாடு பெரிது. மேலும், ஒட்டாவாவின் பணத்தில் சம்பளம் பெறுபவர் சிற்றூர் மேயரைப் பற்றி எழுதத் தயங்கவேண்டிய தேவை குறைவு. ஆயினும் கால எல்லை குறிக்கப்பட்ட உதவியில் ஒரு தொழிலை நிரந்தரமாக நடத்த முடியாது. வாசகர்கள் சந்தா கட்டாத பத்திரிகையை எந்த அரசும் நெடுநாள் காப்பாற்றியதில்லை.

நம்மவரிடம் சொல்வதற்கு ஒன்று உண்டு. ரொறன்ரோவின் வீட்டு விலையைத் தாங்க முடியாமலும், பெற்றோல் நிலையமோ பலசரக்குக் கடையோ உணவகமோ நடத்துவதற்காகவும் தமிழ்க் குடும்பங்கள் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குச் செல்கின்றன. சபையோடு இவர்களின் தொடர்பு வரிப் பட்டியலும் கட்டட அனுமதியும்தான். 2006 இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானபோது நாம் மகிழ்ந்தோம். அது தமிழர் செறிந்து வாழும் இடம். தமிழர் பத்துக் குடும்பமே வாழும் ஊரில் நமது வாக்கு எதை மாற்றும் என்று கேட்போருக்கு ஒரு கணக்குச் சொல்வேன். மூன்றில் இருவர் வாக்களிக்காத ஊரில், சில நூறு வாக்குகளால் ஆசனம் கிடைக்கும் ஊரில், பத்துக் குடும்பம் சிறு தொகையன்று. மாநகரில் நாம் ஓர் இனத்தின் வாக்காக எண்ணப்படுகின்றோம். சிற்றூரில் ஒவ்வொரு வாக்கும் ஒரு முகம்.

புதிதாக வந்தவனுக்கு இன்னுமோர் அனுகூலமும் உண்டு. ஹொக்கி பழக்கியவர், அடுத்த வாங்கில் அமர்பவர் என்ற கூச்சம் அவனுக்கு இல்லை. அந்த அறிக்கை என்னவாயிற்று என்று கேட்பது அவனுக்கு எளிது. 1998 இல் வோக்கர்டனில் யாராவது ஒருவர், மரியாதையாகவும் விடாப்பிடியாகவும், இரண்டாவது தடவை அக்கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

சபையின் நிகழ்ச்சிநிரலும் கூட்டறிக்கையும் இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. அமர்வுகளைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தவேண்டும் என்பது சட்டம். கதவை மூடுவதற்குக் குறிப்பிட்ட சில காரணங்களே அனுமதிக்கப்பட்டுள்ளன. நிருபர் வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அந்த நீண்ட நிகழ்ச்சிநிரலில் ஒரேயொரு அறிக்கையைப் படித்து, அதைப் பற்றி ஒரேயொரு கேள்வியைச் சபைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அதே கேள்வியை அனுப்புங்கள்.